உப்புப் பார்த்தவள்

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் சாலைக் கம்போளக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் மைமூனின் நோன்புக் கஞ்சிக்குப் பெரிய பெயர். பொட்டல்புதூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். பச்சரிசி, பாசிப்பருப்பு, கொத்துக்கறி, வெந்தயம், இஞ்சி, பூண்டு என்று எல்லாரும் போடுவதைத்தான் அவளும் போட்டாள். ஆனாலும் மூடியைத் திறந்தால் சந்து முனையில் நிற்கிற மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். சும்மா சொல்லக் கூடாது, கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது தனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது என்று மைமூன் நினைத்துக்கொண்டாளே, அங்கேதான் வினை.

நோன்புக் கஞ்சியில் ஒரு சங்கடம் உண்டு. காய்ச்சுகிறவள் விடியுமுன்பே வாயைக் கட்டியிருப்பாள். அடுப்பில் கஞ்சி கொதிக்கும், வாசனை மூக்கைத் துளைக்கும், உப்பு மட்டும் தெரியாது. நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம் என்று மார்க்கக் கிதாபில் இருக்கிறதாகச் சொல்வார்கள். அந்தச் சந்தில் ஒருத்தியும் அதற்குத் துணிந்ததில்லை. ஒரு சொட்டு தொண்டையில் இறங்கிவிட்டால் பகல் முழுக்கக் கிடந்த பட்டினி பாழ். அதனால் பாதி உப்பைப் போட்டுக் காய்ச்சிவிட்டு, நோன்பு இல்லாத யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அவர் வாய் என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு. மீதி உப்பு அதன்படி விழும்.

மைமூனுக்கு உப்புப் பார்க்கிறவள் அடுத்த வீட்டுக் கோமதியம்மாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் இசக்கிப்பாண்டி பழவங்காடியில் ஓட்டல் வேலை பார்த்தான். ரமலான் பிறந்துவிட்டால் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோமதியம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு தானாகவே வந்துவிடுவாள். ஒரு மடக்கு குடிப்பாள். கண்ணை மூடுவாள். "மைனி, ஒரு நுள்ளு போடுங்க, போதும்" என்பாள். அவள் நாக்கு தப்பியதே கிடையாது. ஒரு மாதம் முழுக்க அவள் வாயில் விழும் அந்த ஒரு மடக்கு, மைமூனுக்கு மெடல் மாதிரி.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் ஷிஜா வந்து ஏறினாள்.

மைமூனின் புருஷன் பிச்சைக்கனிக்குச் சாலையில் வெங்காய மண்டி. அவருடைய தம்பி மகுதூம், மணக்காட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மாடியில் குடியிருந்தான். அந்தப் பெண்தான் ஷிஜா. வீட்டில் மலையாளம் பேசி வளர்ந்தவள். தமிழும் பேசுவாள், பாதி வழியில் மலையாளத்துக்குத் தாவிவிடுவாள். மைமூனை "இத்தா, இத்தா" என்று அக்கா முறை வைத்து வாய் நிறையக் கூப்பிடுவாள். அவள்மேல் குற்றம் சொல்ல மைமூன் நாலு வருஷமாகத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே ஒரு குற்றமாக இருந்தது.

சந்தின் கோடியில் பெண்களுக்கென்று ஒரு தைக்கா உண்டு. ஓட்டுக்கூரை போட்ட நீளக்கூடம், பக்கத்தில் ஓர் அறை, பின்னால் கிணறு. நோன்பு மாதத்தில் பெண்கள் அங்கே கூடித் தொழுவார்கள். நோன்பு திறக்கிற கஞ்சியை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீடு காய்ச்சிக் கொடுக்கும். எந்த வீட்டுக்கு எந்த நாள் கிடைத்தாலும் சந்தோஷம்தான். ஆனால் எல்லாக் கண்ணும் இருபத்தேழாம் இரவின் மீதுதான் இருக்கும். அந்தி மஃரிப் தொழுகையோடு நாள் மாறிவிடும் என்பதால், அன்று அந்தியில் குடிக்கிற கஞ்சிதான் அந்த இரவின் முதல் உணவு. ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்தது என்று குர்ஆன் சொல்லும் லைலத்துல் கத்ர் அன்றைக்காக இருக்கலாம் என்பது எல்லாருடைய ஆசை. அன்றைய கஞ்சி மைமூனின் வீட்டு முறை. மாமியார் மௌத்தான பிறகு அதைக் காய்ச்சுவது மைமூன்தான். வேறு யாராவது காய்ச்சலாம் என்று அவளுக்குக் கனவில்கூடத் தோன்றியதில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷத் தொடக்கத்தில் வந்த ரமலான் அது. முதல் பத்து நோன்புக்குள் ஒரு சாதாரண நாள், முறைக்காரி ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டு படுத்துவிட, "ஞான் வெச்சுத் தராம்" என்று ஷிஜா அவளுக்காகக் காய்ச்சினாள். கறி இல்லை, பருப்பு இல்லை. அரிசி, வெந்தயம், சீரகம், சின்ன உள்ளி, கெட்டித் தேங்காய்ப்பால், ஒரு துளி மஞ்சள். அவ்வளவுதான். பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்கிற பத்தியக் கஞ்சி போல இருக்கிறதே என்று மைமூன் உதட்டைச் சுழித்தாள். ஒரு வாய் குடித்ததும் சுழித்த உதடு அப்படியே நின்றுவிட்டது.

பெண்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். மைமூன் எண்ணவில்லை என்று சத்தியம் செய்வாள். எண்ணினாள்.

அன்றைக்கு ஷிஜாவுக்கு உப்புப் பார்த்தது யார்? கோமதியம்மாள்தான். மறுநாள் மைமூன் வீட்டுக்கு வந்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா?

"மைனி, மாடியில அந்தப் பிள்ள காச்சுன கஞ்சி இருக்குல்லா, வயித்துக்குள்ள போறதே தெரியல. வெண்ணெ."

"அப்படியா," என்றாள் மைமூன். "இதுல உப்பு எப்படி இருக்கு, அதச் சொல்லு."

சரி, அவள் அடுத்த வீட்டுக்காரி. சொந்தப் புருஷனாவது நாவை அடக்கினாரா? மாடியிலிருந்து வந்த தூக்குவாளியை வழித்துக் குடித்துவிட்டு, பிச்சைக்கனி மீசையைத் துடைத்தபடி சொன்னார்: "மைமூனு, அந்தப் பிள்ளைட்ட பக்குவம் கேட்டு வச்சுக்கோ."

இருபது வருஷமாக அவருக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிய கை. அன்று இரவு அந்தக் கை அவருக்குப் போர்வை எடுத்துக் கொடுக்கவில்லை.

தைக்காவில் ஓதிக்கொடுக்கிற செய்யதலி பீவி மாதத்தின் நடுவில் ஒரு நாள் மைமூனைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "இந்தத் தடவை இருபத்தேழுக்குச் சின்னவ கை வைக்கட்டுமா மைமூன்? ரெண்டும் ஒரே வீடுதானே. எல்லாரும் ஆசப்படுறாங்க."

"அதுக்கென்ன, நல்லாச் செய்யட்டும். எனக்கும் கொஞ்சம் கை ஓயும்லா," என்றாள் மைமூன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து அம்மியில் இஞ்சியை வைத்து நைத்த நைப்பில் இஞ்சி நாராகிப் போனது.

அன்று சாயங்காலம் செய்யதலி பீவி பயான் என்கிற மார்க்க உரை செய்தாள். நெருப்பு விறகைத் தின்கிற மாதிரி பொறாமை நன்மைகளைத் தின்றுவிடும் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். லைலத்துல் கத்ர் எந்த இரவு என்று அறிவிக்க நபிகள் நாயகம் வெளியே வந்தார்கள். அந்த நேரம் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனாலே அந்த விவரம் எடுக்கப்பட்டுவிட்டது. "ரெண்டு பேரு சண்டை, உம்மத்து சனங்க எல்லாருக்குமே அந்த ராத்திரி ஒளிஞ்சு போச்சு," என்றாள் செய்யதலி பீவி. "ஒளிஞ்சதுலயும் நமக்கு நன்மை இருக்கலாம்னு அவங்களே சொன்னாங்க. தேடுங்க."

மைமூன் பக்தியோடு தலையை ஆட்டினாள். ஓரக்கண்ணால் ஷிஜாவைப் பார்த்தாள். நன்றாகக் கேட்டுக்கொள்ளடி, உனக்குத்தான் சொல்கிறார்கள் என்று இருந்தது அவள் பார்வை. தன் கண்ணில் கிடக்கிற தூசு யாருக்குத் தெரிகிறது?

இருபத்தேழாம் இரவுக்கு முந்தின நாள் காலையில் அவளுக்கு இன்னொரு அடி விழுந்தது. தொழுகை இல்லாமல் போய்விட்டது. மாதாமாதம் வருகிறதுதான், கணக்குப்படி நாலு நாள் கழித்து வரவேண்டியது, முந்திக்கொண்டு வந்துவிட்டது. நோன்பும் கிடையாது, தொழுகையும் கிடையாது. வருஷம் முழுக்கக் காத்திருந்த இரவு. நெற்றியைத் தரையில் வைத்து ஒரு ஸஜ்தா செய்ய வழியில்லை. விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். விட்ட இரவை எங்கே போய்ப் பிடிப்பது? அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு மைமூன் அழுதாள். அல்லாஹ் விதித்த விலக்குக்கு யாரும் அழ வேண்டியதில்லை, அவனை நினைக்கிற திக்ரையும் அவனிடம் கேட்கிற துஆவையும் யாரும் தடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மாடியில் அவள் இருக்கிறாளே. கஞ்சியும் அவளுக்கு, நோன்பும் அவளுக்கு, இரவு முழுக்கத் தொழுகையும் அவளுக்கு. மூன்றையும் ஒரே ஆளுக்குக் கொடுப்பானேன் என்று இருந்தது.

மறுநாள் மத்தியானத்திலிருந்தே மாடியில் தேங்காய் துருவுகிற சத்தம். உள்ளி வதங்குகிற வாசனை படியிறங்கி வந்து மைமூனின் வீட்டுக்குள் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில் ஷிஜாவே படியிறங்கி வந்தாள். முகம் வாடியிருந்தது, உதடு காய்ந்திருந்தது. கையில் மூடிவைத்த சின்னக் கோப்பை.

"இத்தா, உப்பு ஒண்ணு நோக்கித் தருமோ? கோமதியக்கா ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயாச்சல்லோ. வேற ஆளில்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இத்தாக்கு நோம்பில்லன்னு எனக்கு அறியாம், தெரியும். யாருகிட்டயும் பறயமாட்டேன். பாதி உப்புதான் இட்டிருக்கேன்."

ஒரே வீட்டுக்குள் இருக்கும் பெண்களுக்கு எது மறைவு? மைமூன் கோப்பையை வாங்கினாள். ஒரு மடக்கு குடித்தாள்.

அடேயப்பா. தேங்காய்ப்பால் நாக்கில் விரிந்தது, வெந்தயம் கசக்காமல் பின்னாலேயே வந்தது, வதங்கின உள்ளி கடைசியில் இனித்தது. உப்பு மட்டும்தான் இல்லை. அந்தப் பெரிய தேக்சாப் பானைக்கு இன்னும் ஒரு கை கல்லுப்பு விழுந்தால் போதும், இந்தக் கஞ்சியை அடிக்க இந்தச் சந்தில் ஆள் கிடையாது. மைமூன் உட்பட. அது மைமூனுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

ஷிஜா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரியா இருக்குளா," என்றாள் மைமூன். "இனிமே போட்டா கரிச்சிரும்."

"நேராயிட்டு?"

"நான் பொய்யா சொல்லுதேன்?"

"ஐயோ, இல்ல இத்தா." ஷிஜா சிரித்தாள். "இத்தா பறஞ்சா பின்ன பேச்சில்ல." கோப்பையை வாங்கிக்கொண்டு படியேறினாள். மேலே தேக்சாவை மூடுகிற சத்தம் கேட்டது.

இப்போதாவது ஒரு குரல் கொடுக்கலாம். 'ஏளா ஷிஜா, இன்னொரு தடவை கொண்டா பாப்போம்' என்றால் முடிந்தது. அவள் போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். கொஞ்சம் உப்புக் குறைந்தால் குடியா முழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுமட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து தேக்சாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோதும் அவள் வாய் திறக்கவில்லை.

தைக்காவில் கூட்டம் நெருக்கியது. மணக்காட்டிலிருந்தும் அட்டக்குளங்கரையிலிருந்தும்கூடப் பெண்கள் வந்திருந்தார்கள். தொழுகை இல்லாதவர்கள் பக்கத்து அறையில் இருந்து பரிமாறுவது வழக்கம். மைமூனும் அங்கே நின்று கோப்பைகளை நிரப்பிக் கொடுத்தாள். நோன்பாளிகள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் கஞ்சி. ஒருத்தியும் தொடவில்லை. பசித்த வயிறு, காய்ந்த வாய், கைக்கு எட்டும் தூரத்தில் சாப்பாடு, தடுக்க ஒரு ஆள் கிடையாது. இருந்தும் தொடவில்லை. கடைக்கோடியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்த ஒரு கிழவிகூடத் தொடவில்லை. வருஷா வருஷம் மைமூனும் அந்த வரிசையில் உட்கார்ந்தவள்தான். இன்றைக்கு வெளியே நின்று பார்க்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. நோன்பு எனக்குரியது, நானே அதற்குக் கூலி கொடுப்பேன் என்று அல்லாஹ் சொன்னது இதனால்தான் போல. வேறு யாருக்கும் தெரியாத ஒன்றை வேறு யார் கணக்குப் பார்க்க முடியும்? அப்படியென்றால் வீட்டுக்குள் நான் தெரிந்தே சொன்ன பொய்யும் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும் என்று நினைத்தாள்.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி.

கூடத்தில் ஒரு அமைதி விழுந்தது. நல்ல கஞ்சிக்கு விழுகிற அமைதி வேறு, இது வேறு. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது என்று தெரிந்தவர்கள், பேசாமல் குடித்தார்கள். அட்டக்குளங்கரைக்காரி ஒருத்திக்கு மட்டும் அடக்க முடியவில்லை.

"உப்பு இட்டில்லே?"

ஷிஜா அப்போதுதான் கோப்பையை வாயில் வைத்தாள். ஒரு மடக்கு. நிமிர்ந்து பக்கத்து அறை வாசலைப் பார்த்தாள். மைமூன் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேர் கண்ணும் ஒரு தடவை சந்தித்தன. ஷிஜாவுக்கு விளங்கிவிட்டது. விளங்கியது மைமூனுக்கும் விளங்கிவிட்டது. இப்போது சொல்லப்போகிறாள் என்று மைமூன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறந்துபோச்சு," என்றாள் ஷிஜா. "என்டெ தப்பாணு. மீதி உப்பு இடணும்னு நினைச்சு, அப்படியே மறந்துட்டேன். பொறுத்துக்கணும்."

அவ்வளவுதான். கூடம் முழுக்க அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. "பாவம், நோன்போட அடுப்புல வெந்து காச்சியிருக்கா, மறக்காம என்ன செய்யும்?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அவள் முதுகைத் தடவினாள். செய்யதலி பீவி தன் கோப்பையைக் காலி செய்துவிட்டு, "மறதிக்குக் குத்தம் கிடையாது. உப்புக் கொண்டு வாங்கம்மா, அவங்கவங்க போட்டுக்கலாம்," என்றாள்.

மைமூன் உப்புச் சாடியைக் கையில் எடுத்தாள். எடுத்தவளுக்குக் கால் நகரவில்லை. வெட்கத்தால் என்று சொன்னால் அது பாதிப் பொய். மீதிப் பாதியைச் சொல்லிவிடுவோம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோன்பு அவளுக்கு. கஞ்சி கொடுத்த நன்மை அவளுக்கு. இரவு முழுக்கத் தொழுகை அவளுக்கு. போதாததற்கு அடுத்தவள் குற்றத்தை மூடிமறைத்த நன்மையும் இப்போது அவளுக்கே. அதுவும் எந்த இரவில்? ஒன்றுக்கு ஆயிரம் மாதமாகப் பெருகுகிற இரவில். என் பாவத்தை வைத்து அவள் சம்பாதிக்கிறாளே. எனக்கு மிஞ்சினது என்ன, ஒரு பொய்யும் ஒரு சாடி உப்பும்தானா? இந்த ஒரு நன்மையை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. இதை மட்டும் முடியாது.

சாடியை அணைத்துப் பிடித்துக்கொண்டு மைமூன் கூடத்தின் வாசலில் வந்து நின்றாள்.

"அவ மறக்கல," என்றாள்.

எல்லாத் தலையும் திரும்பியது.

"இத்தா, வேண்டாம்," என்றாள் ஷிஜா.

"நீ சும்மா இருளா." மைமூன் நிறுத்தவில்லை. "எங்கிட்ட கொண்டாந்து உப்புப் பாக்கச் சொன்னா. நான் பாத்தேன். உப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சரியா இருக்குன்னு சொன்னேன். அவ கஞ்சி நல்லா இருந்துச்சு. எனக்குப் பொறுக்கல. அதான் உண்மை."

அட்டக்குளங்கரைக்காரி வாயில் வைத்த கோப்பையை எடுக்க மறந்துபோனாள். செய்யதலி பீவி மைமூனைப் பார்த்தாள், ஷிஜாவைப் பார்த்தாள், பிறகு குனிந்து தன் தஸ்பீஹ் மணியைத் தேடி எடுத்தாள். இருபது வருஷமாக மைமூனுக்கு அந்தச் சந்தில் இருந்த பெயர் அவள் காலடியில் கொட்டிக் கிடந்தது. அவளே கொட்டியது. ஆனால் முந்தின நாளிலிருந்து நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு இருந்தது என்னமோ, அது இல்லை.

இனி என்ன செய்வது? கையில் சாடி இருந்தது. அதனால் குனிந்து முதல் கோப்பையில் ஒரு நுள்ளு உப்பைப் போட்டாள். அடுத்ததில் போட்டாள். சிலர் கோப்பையை நீட்டினார்கள். ஒருத்தி நீட்டவில்லை, கையால் மூடிக்கொண்டாள். அதற்கும் மைமூன் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்தவளிடம் போனாள். வரிசையின் முடிவில் ஷிஜா இருந்தாள்.

ஷிஜாவின் கண் நிறைந்திருந்தது. கோபம் இல்லாமல் இல்லை, உதடு இறுகித்தான் இருந்தது. உப்புப் போட்டதும் விரலாலேயே கலக்கினாள். குடிக்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி மைமூனிடம் நீட்டினாள்.

"நோக்கு இத்தா. இப்ப சரியா?"

அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைமூன் வாங்கி ஒரு மடக்கு குடித்தாள். தேங்காய்ப்பால், வெந்தயம், உள்ளி எல்லாம் அப்படியே இருந்தன, உப்பு மட்டும் இன்னும் ஒரு இழை குறைவு. நல்லா இருந்தது. சண்டாளி, எப்படித்தான் காய்ச்சுகிறாளோ. இப்போதும் அது பொறுக்கத்தான் இல்லை.

"இன்னும் ஒரு நுள்ளு வேணும்," என்றாள் மைமூன்.